பேசாமல் படுத்திருக்கும் ஒரு மணி நேரம்: லாங் பீச் அக்குபங்சர் ஆய்வு

"அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதீங்க சார். சொல்ல ஆரம்பிச்சாலே மூக்குல டீசல் நாத்தம் வந்துடுது."

என்னிடம் ஆலோசனைக்கு வரும் லாரி ஓட்டுநர் ஒருவர் நான்காவது அமர்வில் சொன்னது இது. விபத்தில் அவர் பிழைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் பையன் பிழைக்கவில்லை. மூன்று வருடம் ஆகியும் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், ஓரளவு தூங்குகிறார். நான் செய்ய நினைத்தது அடுத்த படி. நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வைத்து, அந்த நினைவு அவரை அறுக்கும் கூர்மையை மழுங்கச் செய்வது. அந்தப் பக்கம் அவர் வரவே இல்லை. எழுந்து செருப்பை மாட்டும்போது கேட்டார்: "எங்க ஊர்ல அக்குபங்சர் பாக்குறவர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட போனா இது சரியாகுமா சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "படிச்சுட்டுச் சொல்றேங்க" என்றேன். அப்படிப் படித்ததில் என்னைப் பிடித்து நிறுத்திய ஆய்வு ஒன்றைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். மனக்காயத்துக்கு அக்குபங்சர் உதவுமா என்ற கேள்விக்கு இதுவரை நான் பார்த்தவற்றில் நேர்மையாக விடை தேடிய ஆய்வு இது.

ஆய்வு நடந்த இடம்

கலிஃபோர்னியா மாநிலம் லாங் பீச் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு திபோர் ரூபின் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஹங்கேரியில் பிறந்த யூதர். பதின்ம வயதில் மவுத்ஹவுசன் வதைமுகாமில் அடைபட்டு, 1945 மே மாதம் அமெரிக்கப் படையால் மீட்கப்பட்டவர். அந்த நன்றியில் அமெரிக்கப் படையில் சேர்ந்து கொரியப் போருக்குப் போனார், அங்கேயும் பிடிபட்டு இரண்டரை ஆண்டுகள் போர்க் கைதியாக இருந்தார். முகாமில் பட்டினி கிடந்த சக கைதிகளுக்காக இரவில் உணவு திருடிக்கொண்டு வந்து கொடுத்தவர். அமெரிக்காவின் உச்ச வீர விருது அவருக்கு 2005இல்தான் கிடைத்தது. மனக்காய ஆய்வு ஒன்று அவர் பெயர் தாங்கிய கட்டடத்தில் நடந்தது தற்செயல்தான் என்றாலும், படிக்கும்போது அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

2018 ஏப்ரல் முதல் 2022 மே வரை அங்கே ஆள் சேர்த்தார்கள். எல்லோரும் போர்முனைக்குப் போய் வந்தவர்கள், 18 முதல் 55 வயதுக்குள். போர் அனுபவத்தால் பி.டி.எஸ்.டி. என்ற மனக்காய நோய் இருப்பது உறுதியானவர்கள். மொத்தம் 93 பேர், அதில் 85 பேர் ஆண்கள். சராசரி வயது 39. ஆய்வை நடத்தியவர் மைக்கேல் ஹாலிஃபீல்ட் என்ற மனநல மருத்துவர். முடிவுகள் 2024 பிப்ரவரியில் 'ஜாமா சைக்கியாட்ரி' என்ற மனநல மருத்துவ இதழில் வந்தன.

ஹாலிஃபீல்டுக்கு இது முதல் முயற்சி இல்லை. 2007இலேயே ஓர் ஆய்வு வெளியிட்டார். அக்குபங்சர் பெற்றவர்கள், குழுவாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், எதுவும் பெறாமல் காத்திருந்தவர்கள் என்று மூன்று பிரிவு. அக்குபங்சர் வாரம் இரண்டு அமர்வாக 12 வாரம். காத்திருந்தவர்களைவிட மற்ற இரண்டு பிரிவும் நன்றாகத் தேறின, அக்குபங்சரும் பேச்சுச் சிகிச்சையும் கிட்டத்தட்டச் சமமாகவே வந்தன. மூன்று மாதம் கழித்தும் அந்தத் தேறுதல் நின்றது. நல்ல செய்திதான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தேறியது ஊசியாலா, அல்லது வாரம் இரண்டு நாள் ஒருவர் கனிவாகப் பார்த்துக்கொண்டு, அமைதியான அறையில் படுக்க வைத்ததாலா? அந்த ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் 55 படையினரிடம் செய்து 2014இல் வெளியான ஆய்விலும் இதே சிக்கல். வழக்கமான சிகிச்சையோடு எட்டு அமர்வு அக்குபங்சர் சேர்த்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், ஏன் தேறினார்கள் என்பது தெரியாது.

லாங் பீச்சில் அடைக்கப் பார்த்தது அந்த ஓட்டையைத்தான்.

உண்மை ஊசி, போலி ஊசி

93 பேரையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறைப்படியான அக்குபங்சர். மற்றொரு பிரிவுக்குப் போலி அக்குபங்சர், அதாவது ஊசி தோலில் மேலோட்டமாக மட்டும் இறங்கும். இரு பிரிவுக்கும் அதே மாதிரி அறை, அதே ஒரு மணி நேரம், வாரம் இரண்டு முறை. 15 வாரத்துக்குள் அதிகபட்சம் 24 அமர்வு. தனக்குக் கிடைப்பது எது என்று பங்கேற்பவருக்குத் தெரியாது. நோயின் அளவை மதிப்பிடுபவருக்கும் தெரியாது. ஊசி வைப்பவருக்கு மட்டும் தெரியும், அதை மறைக்க வழியில்லை.

போலி ஊசி என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, உண்மை ஊசி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அதற்காகவே நானும் ஒருமுறை கையை நீட்டினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிதுங்கும் சதையில் வைத்தார். ஊசி மயிரிழை போல இருந்தது, ஆஸ்பத்திரி ஊசியோடு ஒப்பிடவே முடியாது. இறங்கும்போது எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், அவ்வளவுதான். பிறகு அவர் ஊசியின் காம்பை விரல் நுனியால் லேசாகத் திருகினார். திருகிய சில நொடியில் அந்த இடம் கனத்தது. வலி என்று சொல்ல முடியாது, ஒரு மந்தமான குடைச்சல். அது மணிக்கட்டு வரை ஏறி நின்றது. சீன மருத்துவர்கள் இதை 'தே சி' என்கிறார்கள், சக்தி வந்து சேர்ந்ததற்கு அடையாளம் என்பது அவர்கள் விளக்கம். அந்த விளக்கத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் உணர்வு உண்மையானது. பதினைந்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன், நாள் முழுக்கக் காதுவரை தூக்கி வைத்திருந்த என் தோள்கள் இறங்கியிருந்தன.

தோலை மட்டும் தொடும் போலி ஊசியில் அந்தக் கனம் வருவது அரிது. ஆனால் தோலில் ஏதோ குத்துகிறது, ஒருவர் தொடுகிறார், விளக்கு மங்கலாக இருக்கிறது, ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இதெல்லாம் அதிலும் உண்டு. ஆகவே போலி என்றாலும் அது வெறுமை இல்லை. முடிவைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

பயம் அணையாத இடம்

பி.டி.எஸ்.டி.யை 'பழசை நினைத்து வருந்துவது' என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரக் குப்பைக்குள் வெடிகுண்டை மறைத்து வைத்தார்கள். அங்கே குப்பை மூட்டையைக் கண்டதும் உடம்பு விறைத்தது உயிரைக் காத்த பழக்கம். ஊருக்குத் திரும்பிய பிறகு, தன் வீட்டு வாசலில் கிடக்கும் குப்பை மூட்டையைப் பார்த்தும் அதே உடம்பு விறைக்கிறது. 'இங்கே ஆபத்தில்லை' என்பது அறிவுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரிவதில்லை. ஆபத்து நீங்கியதை உடம்பு கற்றுக்கொள்வதை ஆங்கில மருத்துவத்தில் பயம் அணைதல் என்ற பொருளில் ஒரு சொல்லால் குறிப்பார்கள். மனக்காயம் பட்டவர்களில் பலருக்கு அந்த அணைதல் சரியாக நடப்பதில்லை. என்னைப் போன்ற ஆலோசகர்களின் எக்ஸ்போஷர் தெரபி செய்வதும் இதைத்தான்: பாதுகாப்பான இடத்தில் அந்த நினைவைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைத்து, அணையாததை அணைக்கப் பார்ப்பது.

இதை அளக்கவும் முடியும். கண்ணுக்குக் கீழே, இமையை மூடும் தசையின் மேல் சிறு மின்முனைகளை ஒட்டுவார்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் எல்லோருக்கும் இமை வெட்டும். முதலில் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தோடு ஒரு சிறு தொல்லையைச் சேர்த்துப் பழக்குகிறார்கள். அந்த அடையாளம் தெரியும் நேரத்தில் சத்தம் கேட்டால் இமை இன்னும் பலமாக வெட்டும், பயம் ஏறியிருக்கிறது என்று பொருள். பிறகு தொல்லையை நிறுத்திவிட்டு, அடையாளத்தை மட்டும் காட்டிக்கொண்டே போகிறார்கள். இமை வெட்டு தணிந்தால் பயம் அணைகிறது, தணியாவிட்டால் அணையவில்லை. வாயால் "நல்லாருக்கேன்" என்று யாரும் சொல்லிவிடலாம். இமை அப்படிச் சொல்லாது. இந்த ஆய்வு எனக்குப் பிடித்துப்போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நேர்காணலில் கிடைக்கும் மதிப்பெண்ணோடு நிற்காமல், இமையையும் கேட்டார்கள்.

எண்கள் சொன்னவை

நோயின் தீவிரத்தை அளக்க 'கேப்ஸ்-5' என்ற நேர்காணலைப் பயன்படுத்தினார்கள். 20 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, உச்சம் 80. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இறங்கியது என்பதே கேள்வி. அந்த இறக்கத்தின் பருமனை ஒரே எண்ணாகச் சொல்ல ஓர் அளவுகோல் உண்டு. அதில் 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8க்கு மேல் பெரிது.

உண்மை ஊசி பெற்றவர்களின் இறக்கம் 1.17. போலி ஊசி பெற்றவர்களின் இறக்கம் 0.67. இரண்டு பிரிவுக்கும் இடையிலான வித்தியாசம் 0.63, கேப்ஸ் மதிப்பெண்ணில் ஏறத்தாழ 7 புள்ளி. இது குலுக்கலில் பிரித்த எல்லோரையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட முடிவு. சிகிச்சையை முடித்தவர்களை மட்டும் எடுத்தால் 1.53, 0.86 என்று இரண்டும் உயர்கின்றன, இடைவெளி அதேதான். பாதியில் விட்டுப் போனவர்கள் குறைவு.

இமைச் சோதனையில், பயம் அணையும் கட்டத்தில் உண்மை ஊசிப் பிரிவில் முன்னேற்றம் தெரிந்தது. போலிப் பிரிவில் தெரியவில்லை. அறிகுறி எவ்வளவு குறைந்ததோ அதற்கும் பயம் எவ்வளவு அணைந்ததோ அதற்கும் தொடர்பும் இருந்தது. தொடர்பின் அளவு 0.31. மிதமானது. ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள தேறுதல் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் அது விளக்கும், மீதியை வேறு ஏதோ விளக்க வேண்டும்.

அக்குபங்சரை நேசிப்பவர் 1.17ஐ மட்டும் எடுத்துக்காட்டிவிட்டுப் போகலாம். நம்பாதவர் 0.67ஐக் காட்டி 'போலிக்கே பாதிக்கு மேல் குணம்' என்று முடித்துவிடலாம். இரண்டுமே அரைகுறை வாசிப்பு. என் வாசிப்பு இது: அமைதியான அறை, தொடுகை, எதிர்பார்ப்பு, வாரம் இரு முறை வந்து படுக்கும் ஒழுங்கு ஆகியவை சேர்ந்து ஒரு பெரும் பங்கு வேலையைச் செய்கின்றன. அதற்கு மேல் ஊசி முறையும் தன் பங்கைச் செய்கிறது, அந்தப் பங்கு நடுத்தரமானது, ஆனால் உடம்பின் பயத்தில் பதிவாகும் அளவுக்கு உண்மையானது. முதல் பகுதியை 'வெறும் பிளாசிபோ', அதாவது நம்பிக்கையால் மட்டும் வரும் குணம், என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று வருடம் உடம்பைத் தளர்த்தவே முடியாத ஒருவருக்கு, யாரும் கேள்வி கேட்காத ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

பேச வேண்டாம் என்ற இடம் எங்கிருந்து வந்தது

இந்த 'கேள்வி கேட்காத' மரபுக்கு ஒரு தனிக்கதை உண்டு. நியூயார்க் தென் பிராங்ஸ் பகுதி, லிங்கன் மருத்துவமனை. அக்கம்பக்கம் முழுக்க ஹெராயின். 1970 நவம்பரில் யங் லார்ட்ஸ் என்ற புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பும் அவர்களோடு சேர்ந்த சுகாதாரப் போராளிகளும் மருத்துவமனையின் ஒரு பகுதிக்குள் நுழைந்து உட்கார்ந்து, போதை மீட்பு மையம் ஒன்றைத் தாங்களே தொடங்கினார்கள். ஆரம்பத்தில் ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அதற்குள் ஹாங்காங்கில் வென் என்ற நரம்பு அறுவை மருத்துவர் ஒரு விநோதத்தைக் கவனித்திருந்தார். வலி மரக்க ஊசி வைத்து மின்தூண்டல் கொடுத்த ஓபியம் பழக்கக்காரர் ஒருவர், போதைக்காக உடம்பு படும் அவஸ்தையும் அடங்கிவிட்டது என்றார். வென் அதை 1973இல் வெளியிட்டார். லிங்கன்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு, மின்சாரத்தை விட்டுவிட்டு, காதில் ஐந்து புள்ளிகளுக்குச் சுருக்கினார்கள். மைக்கேல் ஸ்மித் என்ற மனநல மருத்துவர் அந்த முறையை வளர்த்தார். 1985இல் அதைப் பரப்ப நாடா என்ற சங்கம் உருவானது.

அந்த அறையில் வட்டமாக நாற்காலிகள். காதில் ஐந்து ஊசியோடு முப்பது நாற்பது பேர் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். 'ஏன் குடிச்சே, என்ன நடந்துச்சு' என்று யாரும் விசாரிப்பதில்லை. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அதே ஐந்து ஊசிகளை நியூயார்க் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் மீட்புப் பணியாளர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வைத்தார்கள். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸிலும் வைத்தார்கள். லாங் பீச் ஆய்வில் இந்தக் காது முறையைப் பயன்படுத்தவில்லை, அங்கே உடம்பு முழுவதற்குமான சிகிச்சை. ஆகவே லாங் பீச் எண்களைக் காது ஊசிக்குச் சான்றாக நீட்டுவது தவறு. பேசாமல் தொடங்கலாம் என்ற எண்ணம் மட்டும் இரண்டுக்கும் பொது.

அந்த எண்ணம் ஏன் முக்கியம் என்றால், பேச்சுச் சிகிச்சைக்கும் ஓர் எல்லை தெரிந்துவிட்டது. போர்முனையினரிடம் நடந்த எக்ஸ்போஷர், அறிவாற்றல் சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஜாமா இதழில் வந்த கட்டுரை, சிகிச்சை முடிந்த பிறகும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் நீடித்தது என்றது. பலருக்கு அறிகுறி குறைகிறது, உண்மை. ஆனால் நோய் விட்டுப் போவதில்லை, சிலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். என் லாரி ஓட்டுநர் போல.

எங்கே நிற்க வேண்டும்

ஒரே மருத்துவமனை, 93 பேர். பெண்கள் 8 பேர் மட்டும். எல்லோரும் போரில் மனக்காயம் பட்டவர்கள். வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணுக்கோ, சிறு வயதில் வன்கொடுமைக்கு ஆளானவருக்கோ இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். படுக்க வைத்து, அசையாதே என்று சொல்லி, உடம்பில் ஊசி குத்துவது அவர்களில் சிலருக்குப் பழைய காயத்தையே கிளறலாம். அறைக் கதவு திறந்திருக்க வேண்டுமா, உடன் யார் இருக்க வேண்டும், எந்த இடத்தைத் தொடலாம் என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டு முடிவு செய்யாமல் ஓர் ஊசிகூட வைக்கக் கூடாது.

அமெரிக்க ராணுவமும் முன்னாள் படைவீரர் துறையும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட வழிகாட்டி எக்ஸ்போஷர், நடந்ததைப் பற்றிய எண்ணங்களைத் திருத்தப் பார்க்கும் அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சை, கண்ணை இருபக்கமும் அசைக்க வைத்தபடி நினைவைச் சந்திக்கும் இ.எம்.டி.ஆர். மூன்றையும் பரிந்துரைக்கிறது. மருந்தில் செர்ட்ராலின், பாராக்செட்டின், வென்லாஃபேக்சின். அக்குபங்சரை ஆதரிக்கவோ மறுக்கவோ சான்று போதாது என்கிறது. லாங் பீச் முடிவு அதற்குப் பிறகு வந்தது. அந்த ஒரு முடிவால் வரிசை தலைகீழாகாது. வேறு மருத்துவமனையில், வேறு கைகளில், பெண்களைப் பெருமளவில் சேர்த்து இதையே மறுபடி செய்து பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றை மனம் நொந்து சொல்கிறேன். நம் ஊரில் அக்குபங்சர் பார்ப்பவர்களில் நல்லவர்கள் பலர், கட்டணமே வாங்காமல் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் "இங்கிலீஷ் மருந்தை முதல்ல நிறுத்துங்க, அப்பத்தான் உடம்பு தன்னைத்தானே சரி பண்ணும்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு செர்ட்ராலினைச் சட்டென்று நிறுத்திவிட்டு, தலைசுற்றலும் தூக்கமின்மையும் தற்கொலை எண்ணமுமாக என் அறைக்கு வந்து நின்ற ஒரு கல்லூரி மாணவியை நான் பார்த்திருக்கிறேன். ஊசியின் மேல் எனக்குக் கோபமில்லை. அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோன அந்த வாக்கியத்தின் மேல்தான் கோபம். லாங் பீச்சிலோ வால்டர் ரீடிலோ வந்த முடிவு எதுவும் அந்த வாக்கியத்துக்குத் துணை நிற்காது.

ஓட்டுநருக்கு நான் சொன்ன பதில் இதுதான். "போங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க, டாக்டர் சொன்னாத்தான் குறைக்கணும். புது ஊசி பிரிச்சு வைக்கிறாரான்னு பாருங்க. வாரம் ரெண்டு தடவை, மூணு மாசமாவது விடாம போங்க. ஒரு தடவை போயிட்டு ஒண்ணும் ஆகலைன்னு விட்டுடாதீங்க. நான் ஒரு லெட்டர் தர்றேன், அவர்கிட்ட குடுங்க." கடிதத்தில் அவருடைய நோயின் பெயர், எடுக்கும் மாத்திரை, என் தொலைபேசி எண் மூன்றையும் எழுதி, மருந்தைப் பற்றி எதுவானாலும் என்னையோ மருத்துவரையோ கேட்காமல் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அக்குபங்சர் பார்ப்பவர் மறுநாளே கூப்பிட்டுப் பேசினார். பேச்சில் மரியாதை இருந்தது.

முதல் அமர்வுக்கு முன், பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை அளக்கும், 20 கேள்விகள் கொண்ட பி.சி.எல்.-5 படிவத்தை ஓட்டுநரிடம் நிரப்பி வாங்கி வைத்தேன். மொத்தம் 80க்கு 54. கிளீனர் பையனைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டாவது அமர்வு முடிந்ததும் அதே படிவத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஏழு முடிந்திருக்கிறது.